மறு: 'சேர்பொருள்' சரியா? உணவு உறை படிக்கும் செயலிக்கான சொற்கள்

வணக்கம்.

உணவு உறையில் அச்சிட்ட ஐ.என்.எஸ். எண்களுக்கு (நிறமூட்டி, பதப்படுத்தி போல உணவில் சேர்க்கும் 'food additive'களுக்கான பன்னாட்டு எண்கள்) கைப்பேசியில் விளக்கம் தரும் செயலியில் 'additive' என்பதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: கலப்புப்பொருள், கூட்டுப்பொருள், சேர்க்கை. மூன்றும் உதவா. 'கலப்பு' என்றாலே கலப்படம் என்றுதான் படிப்பார்கள். எண் 300 என்பதோ வெறும் வைட்டமின் சி. மாவும் சர்க்கரையும்கூடக் கூட்டுப்பொருள்தான். 'சேர்க்கை' பொத்தானில் தனியே நின்றால் கல்லூரி நினைவு வரும். 'சேர்மம்' வேதியியலுக்குப் போய்விட்டது. என் பரிந்துரை: சேர்பொருள். செயலியின் பெயர்: சேர்பொருள் கண்டறிவான்.

——

> சேர்பொருள்

தானாக வந்து சேர்ந்த பொருள் என்று ஆகாதா? 'சேர்ப்புப்பொருள்' என்பதே இலக்கணப்படி சரி.

——

ஆகாது. 'எரிபொருள்' தானே எரிகிற பொருள் என்று யாரும் குழம்புவதில்லை. எரிக்கும் பொருள் என்றே கொள்கிறோம். சேர் என்னும் வேரும் அப்படித்தான், தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது. வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது. சேர்பொருளே இருக்கட்டும்.

> சேர்பொருள் கண்டறிவான்

இதைத்தான் ஏற்க முடியவில்லை. 'கண்டறிவான்' என்றால் ஆய்வுக்கூடச் சோதனை என்று நம்பிவிடுவார்கள். உறையில் எழுதாத ஒன்றைச் செயலியால் சொல்லவே முடியாது. பார்கோடைக் காட்டும்போதோ அது பட்டியலைப் படிப்பதுகூட இல்லை. பெரும்பாலும் 13 இலக்கங்களை எடுத்துத் தரவுத்தளத்தில் தேடுகிறது. தயாரிப்பாளர் உட்பொருளை மாற்றியும் பார்கோடை மாற்றாவிட்டால் திரையில் வருவது பழைய பட்டியல். எனவே பொத்தான் இரண்டு வேண்டும்: 'பார்கோடு தேடு', 'பட்டியல் படி'. இரண்டும் முரண்பட்டால் கையிலுள்ள உறையே செல்லும் என்று செயலியே சொல்ல வேண்டும்.

'பட்டியல் படி'யின் உதவிக்குறிப்பில் இவை வரட்டும்: உறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்கவும், விளக்கொளி பக்கவாட்டில் விழட்டும், நேரே விழுந்தால் பளபளப்பில் எழுத்து அழியும், உருளைப் புட்டியானால் சற்றே திருப்பி இரண்டு படமாக எடுக்கவும். எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) தடுமாறும் இடங்கள் தெரிந்தவையே. 150-ஐ அடுத்து வரும் ஆங்கில 'டி' சுழியமாகி 1500 ஆகும். 500-க்குப் பின் அடைப்புக்குறிக்குள் உள்ள ரோமன் இரண்டு, 11 ஆகும். இவை பட்டியலில் இல்லாத எண்கள் என்பதால் பிடிபடும். 322 (லெசித்தின்) 332 ஆகிவிட்டால் (பொட்டாசியம் சிட்ரேட்) பிடிபடாது, இரண்டும் உள்ள எண்களே. ஆகவே 'படித்த எண்களைச் சரிபார்' என்றொரு திரை கட்டாயம். எண்ணே போடாமல் 'சோடியம் பென்சோயேட்' என்று பெயர் மட்டும் இருந்தால் 211-உடன் இணைக்கவும் வேண்டும்.

——

படிப்பான் என்றே வைப்போம்: சேர்பொருள் படிப்பான்.

வகைப்பெயர்கள்: நிறமூட்டி, பால்மமாக்கி, நிலைப்படுத்தி, சுவைகூட்டி, அமிலச் சீராக்கி. பதப்படுத்திக்கு இலங்கைப் பாடநூல் வழக்கான 'நற்காப்புப்பொருள்' எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. மாற்றுச்சொல்லாகத் தேடலிலாவது சேருங்கள்.

முதல் இலக்கத்தை வைத்து மட்டும் வகையை ஒட்டிவிடாதீர்கள். 200 வரிசை பதப்படுத்திகளுடையது என்பார்கள், ஆனால் 290 கார்பன் டை ஆக்சைடு குளிர்பானத்தில் நுரைக்காக இருக்கிறது. ஒரே பொருள் வேறு வேறு உணவில் வேறு வேறு வேலை செய்யும்; உறையில் எண்ணுக்கு முன் அச்சிட்டிருக்கும் வகையையே எடுக்கவும். 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். அங்கே சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி போடாமல் 'மூலம்: எண்ணால் அறிய இயலாது' என்று எழுதுங்கள்.