ஞானஸ்நானம்: அழைப்பின் தொடக்கமா, அழைப்புக்குச் சொல்லும் பதிலா?

யோர்தான்கரை:
'ஊழிய அழைப்பு' என்றதும் போதகர்களையும் மிஷனரிகளையும் துறவிகளையும்தான் நினைக்கிறோம். ஞானஸ்நானம் (திருமுழுக்கு) பெற்ற ஒவ்வொருவருக்கும் அழைப்பு அந்தத் தண்ணீரிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். இயேசு முழுக்குப் பெற்றதும் 'நேச குமாரன்' என்ற குரல் கேட்டது. அதன்பிறகே வனாந்தரச் சோதனை, கலிலேயாவில் பிரசங்கம் எல்லாம். ஊழியத்தைத் தொடங்கும் முன்பே பிதா அவரில் பிரியமானார். நம் ஊழியமும் அங்கிருந்துதானே புறப்பட வேண்டும்?

அகல்:
சகோதரரே, இயேசுவுக்கு மனந்திரும்ப எதுவும் இல்லை. அவருடைய முழுக்கை நம்முடையதற்கு அப்படியே அளவுகோலாக்க முடியாது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பேச்சு முதலில் இருதயத்தைக் குத்தியது. பிறகுதான் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்து, பிலிப்புவிடம் விளக்கம் கேட்டு, பின்பே தண்ணீரில் இறங்கினார். ரோமப் படைத்தலைவர் கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவியானவரே ஞானஸ்நானத்துக்கு முந்திக்கொண்டார். பவுலை ஆண்டவர் அழைத்தது தமஸ்கு சாலையில். அழைப்பு முந்தியது, ஞானஸ்நானம் அதற்குச் சொன்ன 'ஆம்'.

யோர்தான்கரை:
பவுலை நீங்களே கொண்டுவந்தது நல்லது. அப்போஸ்தலர் 22-ஐப் படியுங்கள். 'எல்லா மனிதருக்கும் சாட்சியாயிருப்பாய்' என்று தமஸ்குவின் சீடரான அனனியா பவுலிடம் சொல்கிறார். அதே மூச்சில், தாமதிக்காமல் ஞானஸ்நானம் பெறச் சொல்கிறார். பணியும் தண்ணீரும் அங்கே ஒன்றாகவே வருகின்றன.

நெடுவழி:
நான் கத்தோலிக்கர். எங்கள் சடங்கில் குழந்தையின் உச்சந்தலையில் கிறிஸ்மா என்னும் புனிதத் தைலம் பூசி, குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவோடு அதை இணைக்கிறோம். திருமுழுக்குப் பெற்ற அனைவரும் குருக்களே என்று புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1520-இல் எழுதினார். எல்லோருமே தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று எங்கள் ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது. அவ்வளவு சண்டையிட்ட இரு தரப்பும் இந்த இடத்தில் நெருங்கி வருவது எனக்கு எப்போதும் வியப்பு.

அகல்:
தைலம் பூசிய குழந்தைக்கு அதன் பொருளைப் பின்னர் எத்தனை பேர் சொல்கிறோம்? என் ஆதங்கமே அதுதான். சூரிச்சில் 1525-இல், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத கொன்ராட் கிரேபெலும் நண்பர்களும் வளர்ந்தவர்களாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை அதற்காகவே 1527-இல் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். விலை தெரிந்து 'ஆம்' என்றவர்கள் அவர்கள். கேள்வியே கேட்கப்படாத பிள்ளை எதற்குப் பதில் சொல்லும்?

நெடுவழி:
அந்தக் கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ரோமர் 6-ஐ எண்ணிப் பாருங்கள்: ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டோம் என்கிறது. யாரும் தன்னைத் தானே அடக்கம் செய்துகொள்வதில்லை. ஐம்பது வயதுக்காரரும் பிறர் கையாலேயே முழுக்குப் பெறுகிறார். பெறுவது முதலில், புரிவது ஆயுள் முழுக்க.

அகல்:
பிறர் கையால் பெறுகிறோம் என்பதை மறுக்க மாட்டேன், அது ஆழமான உண்மை. அதற்காகத் தனிமனிதனின் பதிலை விட்டுக்கொடுக்க மாட்டேன். பல சபைகளில், குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்வதற்கான திடப்படுத்தல் வகுப்பு மனப்பாடத் தேர்வாகவே முடிகிறது.

யோர்தான்கரை:
அதில் உங்கள் பக்கம்தான் நான். 'நீ எதற்காக அனுப்பப்படுகிறாய்?' என்ற கேள்வியை அந்த வகுப்பில் கேட்டே ஆகவேண்டும்.

நெடுவழி:
எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய இரவில் பாஸ்கா திருவிழிப்பு வழிபாடு இருக்கிறது. மெழுகுதிரி ஏந்தி, திருமுழுக்கு வாக்குறுதிகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம்.

அகல்:
கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும் அந்தப் பதிலை, வருடத்தில் ஒருமுறையாவது ஒவ்வொருவரும் தனித்து நின்று சொல்ல வைப்பீர்களா? அப்படிச் செய்தால் குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி என் வாதம் பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்கு வேதத்திலிருந்து பதில் கொண்டுவாருங்கள்.