டெல்டாவில் வாந்திபேதியை ஒழித்தது 1939 சட்டமா, கைப்பம்பா?

அரசலாற்றங்கரை:
கும்பகோணத்துல ஒரு கல்யாணப் பந்தியில ஆரம்பிச்ச சண்டை, இங்க இழுத்துட்டு வர்றேன். நம்ம பொது சுகாதாரத் துறை 1922லேயே தனி இயக்குநரகமா வந்தாச்சு. 1939ல சென்னை மாகாணப் பொது சுகாதாரச் சட்டம். நாட்டுலயே இப்படி ஒரு சட்டத்தை முதல்ல போட்டது நாமதான். அப்போ சுகாதார மந்திரி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர். 1930ல வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை கிளம்பினதே திருச்சியில அவர் வீட்டு வாசல்லேர்ந்துதான். திருவிழாவுக்குன்னே அந்தச் சட்டத்துல தனி அத்தியாயம் இருக்கு. மகாமகம் நடத்துற ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லணுமா? வைத்தியம் பாக்குற டாக்டர் வேற, நோய் வராம பாக்குற டாக்டர் வேறன்னு பிரிச்சு வச்சாங்க பாருங்க, அதனாலதான் டெல்டாவுல பேதிச்சாவு நின்னுச்சு.

கீழத்தஞ்சையான்:
சார், பொதுக்கிணத்துல யாரையும் தடுக்கக் கூடாதுன்னு அதே மந்திரிசபை 1938லயே சட்டம் போட்டுச்சு. அப்புறமும் எங்க தெரு ஜனம் வாய்க்கால் தண்ணிதான் குடிச்சுச்சு. மேட்டூர் திறந்து புதுத்தண்ணி வந்தா வழியில கிடக்குற அசிங்கத்தையெல்லாம் அடிச்சுக்கிட்டு வரும். அதைத்தான் எங்க அப்பாயி சேலையை நாலா மடிச்சு வடிகட்டிக் குடத்துல ஊத்தும். "புதுத்தண்ணியோட பேதியும் வரும்"னு சொல்லும். பிளீச்சிங் பவுடர் வந்ததாம், மேலத்தெருக் குளத்துக்கு. எங்களுக்குக் கைப்பம்பு வந்தது கூலிக்குக் கொடி பிடிச்ச பிறகு. பேதி நின்னது அன்னைக்குத்தான்.

ஹெச்.ஐ. (ஓய்வு):
தம்பி சொல்றது ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்த எங்களுக்கு வலிக்கும், ஆனா நிஜம். நான் வேலைக்குச் சேர்ந்தப்பவும் கிணத்துக் கணக்கு எழுதுற நோட்டுல சில தெருக்கள் கடைசிப் பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா பம்பு இருந்தா போதும்னு சொல்லாதீங்க. கிணத்தோட ஆழம், அகலம் அளந்து, ஆயிரம் லிட்டருக்கு ரெண்டரை கிராம்னு பவுடர் கணக்குப் போட்டு, ராத்திரி போட்டுட்டு வருவோம். காலையில தண்ணியில குளோரின் இருக்கான்னு பாக்க ரெண்டு சொட்டு மருந்து விட்டா மஞ்சளா மாறணும். மாறலைன்னா திரும்பவும். மூட்டையைத் திறந்து போட்டுட்டா வீரியம் போய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும், அது தெரியாம எத்தனை ஊர்ல வெள்ளையடிச்ச மாதிரி தூவிட்டுப் போயிருக்காங்க!

அரசலாற்றங்கரை:
நான் சொன்னதும் அதானே. 2004 சுனாமியில நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் பொணத்தைத் தூக்கவே நாள் கணக்காச்சு. அதுக்கப்புறம் காலரா பரவுச்சா? இல்லை. அதைப் பம்பு தடுக்கலை, இந்தத் துறை தடுத்துச்சு.

கீழத்தஞ்சையான்:
சுனாமிக்கு உலகமே பாத்துக்கிட்டு இருந்துச்சு சார். யாரும் பாக்காத நோய்க்கு வாங்க. யானைக்கால். அதுக்கு உங்க கும்பகோணம்தானே பேர் போன ஊரு? தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் 1955ல வந்தது. எத்தனை வருஷம்! கொசு சாக்கடையில பொறக்குது, சாக்கடை நகராட்சியோடது, மாத்திரை உங்க துறையோடது. கால் வீங்கினவங்க கடைசியில உதவித்தொகைக்கு மனு எழுதிட்டு நிக்கிறாங்க. சட்டம் எங்க போச்சு?

அரசலாற்றங்கரை:
சாக்கடைக்குத் துறை என்ன பண்ணும்?

கீழத்தஞ்சையான்:
பாருங்க, பேதி நின்னா துறை, சாக்கடை தேங்கினா நகராட்சி. நல்லா இருக்கு சார் கணக்கு.

ஹெச்.ஐ. (ஓய்வு):
யானைக்கால் வேலையும் நான் பண்ணியிருக்கேன். அதை உண்டாக்குற புழு ராத்திரியிலதான் ரத்தத்துல மேல வரும், அதனால பத்து மணிக்கு மேல டார்ச்சோட வீடு வீடா கதவைத் தட்டணும். "ரத்தம் உறிஞ்ச வந்துட்டான்"னு பிள்ளைங்க அழும். விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டுல தடவி, நம்பர் போட்டு எடுத்துட்டு வருவோம்.

கீழத்தஞ்சையான்:
எங்க வீட்டுலயும் குத்தினாங்க ஐயா. எனக்கு அப்போ எட்டு வயசு. ரிசல்ட் இன்னும் வரலை.

ஹெச்.ஐ. (ஓய்வு):
புழு இருந்திருந்தா மாத்திரையோட யாராவது வந்திருக்கணும். இல்லாதவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்ற வழக்கம் எங்ககிட்ட இல்லை. சொல்லியிருக்கலாம் தம்பி.