ஒரே இடத்தில் நாலு பலகை, நிறுத்திய காரைக் காணோம் (ஜெர்மனி)

கம்பைநல்லூர்_பையன்: அண்ணா, அக்கா, யாராவது உடனே சொல்லுங்கள். நிறுத்திய இடத்தில் கார் இல்லை. அங்கே நாலு பலகை இருக்கிறது. ஒன்று பார்க்கிங் என்கிறது, ஒன்றில் மணி, ஒன்றில் அம்புக்குறி, ஒன்றில் நீல வட்டத்துக்குள் சிவப்புக் கோடு. கார் நண்பருடையது. அவர் தருமபுரிக்கு லீவில் போயிருக்கிறார். இதில் எதை நம்புவது?

தொப்பூர்_ஸ்டியரிங்: தம்பி, முதலில் லைசென்ஸைப் பார். நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அப்புறம் தியரியும் எழுத வேண்டும், ஓட்டியும் காட்ட வேண்டும். நான் வந்தது நவம்பரில். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு, பேச ஆளில்லை. பலகையே இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பதற்காக, தொப்பூர் கணவாயில் லாரி இறக்கிய என்னை டெஸ்ட்டில் ஃபெயில் செய்தார்கள்.

பர்கூர்_அக்கா: அவன் கேட்டது லைசென்ஸா? தம்பி, கீழே உள்ள வெள்ளைப் பலகையை முதலில் படி. அது கம்பத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

ஓசூர்_ஷிஃப்ட்: இல்லை அக்கா. வெள்ளைத் துணைப்பலகை தனக்கு நேர் மேலே இருப்பதற்கு மட்டும்தான். மேலே 'முந்தாதே', நடுவில் 80, அடியில் 'ஈரச் சாலையில்' என்றிருந்தால், மழை நிபந்தனை 80-க்குத்தான். வெயிலடித்தாலும் முந்தக் கூடாது. இன்னொன்று: வேக வட்டத்தோடு வளைவு, சாலைப்பணி மாதிரி எச்சரிக்கை முக்கோணமும் சேர்ந்திருந்தால், அந்த ஆபத்தைத் தெளிவாகத் தாண்டியதும் வேகக் கட்டுப்பாடும் முடிந்தது. முடிவுப் பலகை தேடாதீர்கள். மணிப் பலகையில் 'வேலை நாள்' என்று போட்டிருந்தால் சனிக்கிழமையும் அதில் சேர்த்தி.

பர்கூர்_அக்கா: சரி, ஓட்டிக்கொண்டே இத்தனையும் எவன் படிப்பான்? நாங்கள் வந்தபோது வீடு கிடைக்கவே ஒரு குளிர்காலம் போனது. எல்லாம் தபால், எல்லாம் நோட்டீஸ்.

பாலக்கோடு_தக்காளி: கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டினால் பெங்களூர் போர்டு, ஓர் அம்பு, அவ்வளவுதான். இங்கே ஒரு கம்பத்தைப் படித்து முடிக்கப் புளிசாதம் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

காவேரிப்பட்டணம்_மாமா: புலம்பல் அப்புறம். தம்பி, எந்த ஊர்? என்றைக்கு நிறுத்தினாய்? சிவப்புக் கோடு ஒன்றா, குறுக்கே இரண்டா? ஒன்று என்றால் மூன்று நிமிடம் வரை நிற்கலாம், இரண்டு என்றால் நிற்கவே கூடாது. அந்தப் பலகை கம்பத்தில் திருகியதா, தரையில் கொண்டுவந்து வைத்ததா?

கம்பைநல்லூர்_பையன்: ஸ்டுட்கார்ட், மாமா. இரண்டு கோடு. அது தனிக்கம்பம், ரப்பர் கட்டையில் நிற்கிறது. இன்றைய தேதி போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் நிறுத்தியபோது அது அங்கே இல்லை. இன்று செவ்வாய்.

ஓசூர்_ஷிஃப்ட்: அட, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

காவேரிப்பட்டணம்_மாமா: அப்படியென்றால் யாரோ வீடு மாறுகிறார்கள், இல்லை ரோடு தோண்டுகிறார்கள். இப்படித் தற்காலிகமாக வைத்த நிற்காதே பலகை, பக்கத்தில் பார்க்கிங் அனுமதிக்கும் பலகை இருந்தாலும் அதை ரத்து செய்துவிடும். மற்ற மூன்றையும் மறந்துவிடு. பலகை வைத்த நாளுக்கும் காரை இழுத்துப்போன நாளுக்கும் நடுவே மூன்று முழு நாள் போயிருந்தால் இழுத்த செலவு உங்கள் தலையில். 2018-இல் அங்குள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் சொன்ன கணக்கு இது. வெள்ளி ராத்திரி வைத்திருந்தால் கட்ட வேண்டியதுதான், சனிக்கிழமை வைத்திருந்தால் எதிர்த்து எழுதலாம். வைத்தவர்கள் அன்றைக்கு அங்கே நின்ற கார் நம்பர்களை வழக்கமாகக் குறித்து வைப்பார்கள், அதைக் கேள். இப்போது பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து கார் நம்பரைச் சொல். 110 வேண்டாம், அது அவசரத்துக்கு. சில சமயம் அடுத்த தெருவில்தான் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். இழுத்த கார்களை வைக்கும் யார்டுக்குப் போயிருந்தால் பாஸ்போர்ட், கார் பேப்பர், அப்புறம் உன் நண்பர் கையெழுத்துப் போட்ட கடிதம் தயாராக வைத்துக்கொள். தருமபுரியிலிருந்தே எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல். பணத்தைக் கட்டிக் காரை எடு, சண்டையைத் தபாலில் போடு. அங்கே விட்டுவைத்தால் தினவாடகை ஏறும்.