பி.எட் படிக்கிறவங்க எதுக்கு ஆராய்ச்சி பண்ணணும்? சயின்ஸ் டீச்சர்ஸ் சொல்லுங்க

கேள்வி (புது டீச்சர்):
கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு பி.எட் சேர்ந்திருக்கேன். இந்த செமஸ்டர்ல ஆளுக்கொரு சின்ன ஆராய்ச்சி பண்ணணுமாம், அதுவும் ஒரே சப்ஜெக்ட்டுக்குள்ள அடங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு பயாலஜி பத்தாவதோட போச்சு. இந்த ரெண்டு மாசம் க்ளாஸ் எடுத்துப் பழகினா உருப்படியா இருக்காதா? நிஜமாவே புரியாமத்தான் கேக்குறேன்.

பதில் (ஊசல்):
நானும் இதையேதான் கேட்டேன். எனக்கு வந்தது தனி ஊசல், அதாவது நூல்ல ஒரு குண்டைக் கட்டி ஆட விடறது. குண்டோட எடை மாறினாலும் அலைவு நேரம் (ஒரு தடவை போய்ட்டு வர்ற நேரம்) மாறாதுன்னு புக்லயே இருக்கு, இதுல என்ன ஆராய்ச்சின்னு நெனச்சேன். ஆனா பெரிய குண்டு மாட்டினா ஒவ்வொரு தடவையும் நேரம் கொஞ்சம் கூடவே வருது. மூணு நாள் மண்டை காஞ்சு அப்புறம்தான் புடிபட்டுச்சு, நான் நூலை மட்டும் அளந்திருக்கேன், குண்டோட நடு வரைக்கும் அளக்கணும், பெரிய குண்டுன்னா நடு இன்னும் கீழ போயிடும்ல. இப்ப ஒரு பையன் "சார் தப்பா வருது"ன்னு வந்தா, புக்ல இருக்கறத எழுதுன்னு சொல்ல வாய் வராது, எப்படி அளந்தேன்னு காட்டுடான்னு பக்கத்துல போய் உக்காந்துக்குறேன்.

பதில் (பயாலஜி மேடம்):
ஒரு மரத்தோட எடை எங்கேருந்து வருதுன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்கம்மா, நிறைய பேர் மண்ணுலேருந்துன்னுதான் சொல்வாங்க. 17ஆம் நூற்றாண்டுல வான் ஹெல்மான்ட்னு ஒரு விஞ்ஞானி தொட்டியில ஒரு வில்லோ மரத்தை 5 வருஷம் வளர்த்தார், மரம் சுமார் 74 கிலோ கூடிச்சு, மண்ணு குறைஞ்சது 60 கிராம் கூட இல்ல. அவர் எல்லாம் தண்ணிதான்னு முடிவு பண்ணிட்டார், காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்குலயே வரல. இது பயாலஜியா கெமிஸ்ட்ரியா சொல்லுங்க? பயறை வெறும் தண்ணியில, பாதிய இருட்டுலயும் பாதிய வெளிச்சத்துலயும் வளர்த்து, நல்லா காய வெச்சு எடை பாருங்க. இருட்டுல வளர்ந்தது முதல்ல இருந்த விதையை விட எடை குறைஞ்சிருக்கும்.

பதில் (புது டீச்சர்):
அவ்ளோ உயரம் வளர்ந்துட்டு எடை குறையுமா? ஓ, சுவாசத்துல கார்பன் வெளிய போயிடுது, வெளிச்சம் இல்லாததால உள்ள எதுவும் வரல, அதானே மேடம்? இன்னைக்கு ராத்திரியே 80 விதை எண்ணி ஊறப் போடுறேன்.

பதில் (பயாலஜி மேடம்):
அதேதான். ஊறப் போடறதுக்கு முன்னாடி எடை எழுதி வெச்சுக்கோங்க, அதோட அதே பயறுல கொஞ்சம் தனியா எடுத்து காய வெச்சு எடை பாருங்க, காஞ்ச விதையிலயும் ஈரம் இருக்கும்.