மறு: மோனோபைலெட்டிக், பாராபைலெட்டிக், பாலிபைலெட்டிக் – சிலந்தி வகைப்பாட்டுச் சொற்கள்

வணக்கம்.

> ஒருமரபுக் கிளை, பக்கமரபுக் கிளை, பன்மரபுக் கிளை. மூன்றும் சீராக அமைந்துவிட்டன. இப்படியே ஏற்கலாமே?

நம் கலைச்சொல் பட்டியலில் மோனோபைலெட்டிக், பாராபைலெட்டிக், பாலிபைலெட்டிக் என்பவற்றுக்கு நீங்கள் தந்த தமிழ் சீராக இருப்பதுதான் இங்கே சிக்கல். ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அத்தனையும் சேர்ந்தால்தான் கிளை. அதுதான் மோனோபைலெட்டிக். வழித்தோன்றல்களில் சிலவற்றை விட்டுவிட்டால் பாராபைலெட்டிக், வெவ்வேறு கிளைகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தால் பாலிபைலெட்டிக். இந்த இரண்டும் நாமாகச் சேர்த்துக் கட்டியவை. பரிணாம மரத்தில் அப்படி ஒரு கிளை கிடையாது. மூன்றுக்கும் ‘கிளை’ என்று வால் ஒட்டினால், படிப்பவர் மூன்றும் கிளையின் வகைகள் என்றே எடுத்துக்கொள்வார். ‘பக்கமரபு’ வேறு, பாரா என்ற முன்னொட்டுக்குப் போட்ட சொல்லே தவிர பொருளுக்குப் போட்டதல்ல.

சிலந்திகளிலேயே நல்ல சான்று இருக்கிறது. சில சிலந்திகளுக்கு நூற்புக்காம்புகளுக்கு முன்னால் நுண்துளைகள் நிறைந்த ஒரு தட்டு உண்டு (கிரிபெல்லம், ‘சல்லடைத்தட்டு’ என்று முன்பே பேசியிருக்கிறோம்). நான்காம் காலின் மெட்டாடார்சஸ் கணுவில் உள்ள சீப்புமயிர் வரிசையால் வாரி இழுக்கும்போது, அந்தத் தட்டிலிருந்து மிக மெல்லிய இழைகள் பஞ்சுபோல் வரும். பசை இல்லாமலே அதில் பூச்சி சிக்கிக்கொள்ளும். பழைய வகைப்பாடு இந்தத் தட்டு உள்ளவை, இல்லாதவை என்றே சிலந்திகளைப் பிரித்தது. அதனால் தட்டு உள்ள ஓயிகோபியஸ் பேரினம் ஒரு பக்கமும் தட்டு இல்லாத யூரோக்டியா பேரினம் மறுபக்கமும் போயின. இரண்டுக்குமே மலத்துளை மேட்டில் நீண்ட மயிர் விளிம்பு இருந்தும்! 1967-இல் சிலந்தி ஆய்வாளர் பெக்கா லெஹ்டினன் இந்தப் பிரிவினையே செல்லாது என்று காட்டினார். இன்று அவை இரண்டும் ஒரே குடும்பம்.

காரணம் எளிது. அரேனியோமார்ப் சிலந்திகளின் (இன்றைய சிலந்திகளில் பெரும்பாலானவை அடங்கும் பெருங்கிளை) மூதாதைக்கே சல்லடைத்தட்டு இருந்தது. பின்னர் பல வழிகளில் தனித்தனியே மறைந்தது. ஆகவே அவற்றுள் தட்டு உள்ளவை பாராபைலெட்டிக், இல்லாதவை பாலிபைலெட்டிக். என் முன்மொழிவு: கிளையம், குறைத்தொகை, கலவைத்தொகை. முதலாவதற்கு ‘ஒரு’, ‘முழு’ எதுவும் வேண்டாம். முழுதாக இல்லாதது கிளையமே அல்ல.

--------

ஐயா, வணக்கம்.

> குறைத்தொகை, கலவைத்தொகை

கிளையம் சரி. ‘குறைத்தொகை’ என்றதும் கணக்கில் துண்டு விழுந்த பணம்தான் நினைவுக்கு வரும். ‘குறைக்குழு’, ‘கலவைக்குழு’ என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. கிளையங்களுக்குப் பெயரிடும்போது பண்பின் பெயரை அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ‘வட்டவலையிகள்’ என்று நம் பட்டியலில் ஓர் உருப்படி இருக்கிறது. ஆர்பிகுலேரியே என்ற தொகுதிக்கு வைத்தது. பசைநூலால் வட்டவலை பின்னும் அரேனிடே குடும்பமும், சல்லடைத்தட்டு நூலால் பின்னும் யூலோபோரிடே குடும்பமும் ஒரே கிளையம் என்று கருதிய காலத்துப் பெயர் அது. 2014-இல் வெளியான இரண்டு தனித்தனி ஆய்வுகள், ட்ரான்ஸ்கிரிப்டோம் (உயிரணுக்களில் உள்ள ஆர்.என்.ஏ.க்களின் தொகுப்பு) தரவுகளில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டு, யூலோபோரிடே ஆர்.டி.ஏ. கிளையத்துக்கே (ஆணின் உணர்கையில், அதாவது வாயருகே உள்ள கால்போன்ற உறுப்பில், நீட்டியிருக்கும் ஒரு முனையால் பெயர் பெற்றது) நெருங்கியது என்று காட்டின. அந்தக் கிளையத்தில்தான் பெரும்பாலும் வலையே பின்னாத குதிக்கும் சிலந்திகளும் ஓநாய்ச் சிலந்திகளும் இருக்கின்றன. வட்டவலை ஒரே முறை தோன்றிப் பல வழிகளில் கைவிடப்பட்டதா, இருமுறை தோன்றியதா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் ‘வட்டவலையிகள்’ கிளையத்தின் பெயராக இனி நிற்காது. ‘வட்டவலை பின்னும் சிலந்திகள்’ என்று செயலைச் சொல்லும் தொடராக வைத்துக்கொள்ளலாம்.

> சி.ஓ.ஐ. பட்டைக்குறி வைத்தே மரம் வரையலாமே?

சிற்றினம் பிரிக்க உதவும். குடும்பங்களின் கிளைப்பைச் சொல்லாது. சி.ஓ.ஐ. என்பது ஒரு மைட்டோகாண்ட்ரிய மரபணு; பட்டைக்குறி அதில் 658 இணைகள் கொண்ட ஒரு துண்டுதான். பழைய கிளைப்புகளில் ஒரே இடத்தில் மாற்றத்தின் மேல் மாற்றம் ஏறி முந்தைய தடம் அழிந்துவிடும். வொல்பாக்கியா பாக்டீரியா தொற்றிய இனங்களில் சிற்றின எல்லையே தவறாகத் தெரியக்கூடும்.

மாதிரி சேகரிப்பவர்களுக்காகக் கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 95% எத்தனாலில் டி.என்.ஏ. நிற்கும்; ஆனால் உடல் விறைத்துக் கால்கள் முறியும், ஆணின் உணர்கையை விரித்துப் பார்ப்பது கடினம். 70–80%-இல் உடல் வளையும், டி.என்.ஏ. சிதையும். ஒரு பக்கக் காலைக் கழற்றி 95%-இல் −20 டிகிரி செல்சியஸில் வைத்து, உடலை 75–80%-இல் வைப்பது வழக்கம். இரண்டு குப்பிக்கும் ஒரே எண் இல்லையென்றால் இரண்டுமே வீண். ட்ரான்ஸ்கிரிப்டோமுக்கு இதுவும் போதாது. ஆர்.என்.ஏ. உடனே அழியும், உயிரோடு பிடித்ததை உறையவைக்க வேண்டும். பழைய அருங்காட்சியக மாதிரிகளுக்கு யூ.சி.இ. முறைதான் (இனங்களிடையே மிகக் குறைவாகவே மாறும் டி.என்.ஏ. பகுதிகளைப் பிடித்துப் படிப்பது) கைகொடுக்கும், துண்டுதுண்டான டி.என்.ஏ.விலும் வேலை செய்வதால். அதற்கு ‘மாறாப்பகுதி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

--------

குறைக்குழு, கலவைக்குழு இரண்டும் எனக்குச் சம்மதம். ‘மாறாப்பகுதி’யில் மட்டும் ஒரு திருத்தம். ஆய்விகள் (டி.என்.ஏ.வைப் பிடிக்கும் குறுந்துண்டுகள்) போய் ஒட்டும் நடுப்பகுதிதான் மாறாதது. கிளைப்பைக் காட்டும் மாற்றங்கள் பெரும்பாலும் அதன் இருபுறத்திலும் இருக்கின்றன. எனவே ‘மாறாநடு’ என்று நடுவுக்கும், ‘விளிம்பு’ என்று பக்கங்களுக்கும் தனித்தனியே வைப்போம்.

பண்பின் பெயர் கிளையத்துக்கு அறவே கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. ஆர்.டி.ஏ. என்பது ஆண் உணர்கையின் டிபியா கணுவில் வெளிப்பக்கம் நீட்டியிருக்கும் முனை. ஓநாய்ச் சிலந்திகளில் அது இல்லை, ஆனாலும் அவை அக்கிளையத்தில்தான். காலில்லாத பாம்பு நாற்கால் முதுகெலும்பிகளில் அடங்குவதுபோல. எனவே ‘வெளிமுனைக் கிளையம்’ என்றே வைக்கலாம். ‘கிளையம்’ என்ற ஈறு இருந்தால் வம்சம், ‘உள்ள’, ‘பின்னும்’ என்று வந்தால் பண்பு. வட்டவலைப் பெயர் விழுந்தது அந்தக் கிளையமே கலைந்ததால். பண்பால் பெயரிட்டதால் அல்ல.

சல்லடைத்தட்டு உருப்படியில் ஓர் எச்சரிக்கையும் தேவை. முதிர்ந்த ஆண்கள் பலவற்றில் இறுதித் தோலுரிப்போடு தட்டும் சீப்புமயிரும் குன்றிவிடும். ஆண் மாதிரி ஒன்றை மட்டும் பார்த்துப் பண்பு அட்டவணையில் ‘இல்லை’ என்று பதிந்தால், நடக்காத ஓர் இழப்பு மரத்தில் ஏறிவிடும். பெண்ணையோ முதிராத இளரியையோ பார்த்த பிறகே பதிய வேண்டும். அவை கிடைக்காவிட்டால் கேள்விக்குறி இடலாம், சுழியம் இடக்கூடாது.