கண்காட்சி திறக்க முதல் "அந்தப் படத்தைக் கழட்டுங்கோ" எண்டால்?

கன்னியா:
திருகோணமலையில ஓர் அரச மண்டபத்தில குழுக் கண்காட்சி. திறக்க மூண்டு நாள்தான் கிடக்கு. இப்ப ஒரு தைலவண்ண ஓவியத்தைக் கழட்டச் சொல்லுறாங்கள். காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் போட்டோவோட நிக்கிற காட்சி. கடிதம் இல்லை, "மேல இருந்து சொன்னவை" எண்ட கதைதான். ஓவியத்துக்கும் தணிக்கைச் சபை அனுமதி வேணுமோ? கறுப்புத் துணியால மூடி விடலாமோ?

உப்புவெளி:
தணிக்கைச் சபை, 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழி வந்தது. நாடகம், சினிமாவுக்கு உரியது. சுவரில் தொங்கும் ஓவியம் அதற்குள் வராது. அறைக்குள் வீடியோவோ நிகழ்த்துகையோ இருந்தால்தான் கேள்வி எழும்.

அஞ்ச வேண்டியது 2007இன் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3ஆம் பிரிவு: இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குவது. 2019இல் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமாரவை நான்கு மாதம் உள்ளே வைத்தது அதுதான்.

அரசியல் யாப்பின் 14(1)(அ) தரும் கருத்துரிமையைச் சட்டத்தால்தான் கட்டுப்படுத்தலாம். வாய்ச்சொல் சட்டமாகாது. இன்றே கடிதம் கொடுங்கள்: யார் சொன்னது, எந்த அதிகாரத்தில், என்ன காரணம். அரச மண்டபம் என்பதால் யாப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ், அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் (Supreme Court) போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது.

தூரிகை:
கறுப்புத் துணி வேண்டவே வேண்டாம். எங்கட கடற்கரை ஈரத்துக்குச் சாயம் கசியும். துணி வண்ணத்தில ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் அதைவிட மோசம். மூடத்தான் வேணுமெண்டால் மரச்சட்டம் அடிச்சு, படத்துக்கு 5 செ.மீ. முன்னால, துவைச்ச வெள்ளைக் காடாத்துணி. அதுக்கு முதல் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை எல்லாம் படம் எடுங்கோ. பக்கவாட்டில டோர்ச் அடிச்சும் ஒண்டு, வெடிப்புகள் அதிலதான் தெரியும். கழட்டினால் குமிழ்த்தாளை நேரே சுத்தாதேங்கோ, வட்ட வட்டமா அச்சு விழும். முதல்ல அமிலமில்லாத தாள்.

இதெல்லாம் ஓவியர் எழுத்தில சம்மதிச்ச பிறகு. ஒரு மூலையை மட்டும் மறைக்கிறது எனக்குப் பிடிக்காத சமரசம்: படத்தின்ர பொருளே மாறிப்போகும்.

நிலாவெளி:
கழட்டினால் இடத்தை நிரப்ப வேண்டாம். ஆணியும் லேபிளும் அப்படியே இருக்கட்டும்: தலைப்பு, அளவு, அகற்றிய திகதி, கேட்டது யார்.

2019இல் ஜப்பானின் ஐச்சி திரியன்னாலே என்ற கலைவிழாவில் ஒரு பகுதியை மூன்றே நாளில் மூடினார்கள். மற்றக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை விலக்கிக்கொண்டார்கள். ஒக்டோபரில் திரும்பத் திறந்தபோது குலுக்கல் முறையில் சிறு குழுக்களாகத்தான் உள்ளே விட்டார்கள். நேரம் குறித்து ஆள் விடுவதை நீங்களும் பேரம் பேசலாம்.

இன்னொன்று: படத்தில் உள்ள முகங்கள் உண்மையான தாய்மாருடையதா? அப்படியென்றால் அவர்களிடம் கேட்காமல் விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்கு விசாரிக்க வருவது அவர்களைத்தான். சிங்கள லேபிளையும் ஒருமுறை சரிபாருங்கள். பாதிச் சண்டை மொழிபெயர்ப்பில்தான் தொடங்குகிறது.