சிடி 100 ஸ்விங் ஆர்ம் புஷ் வெளிய வரமாட்டேங்குது, உதவி பண்ணுங்க

பேராவூரணிக்காரன்:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட ஹீரோ ஹோண்டா சிடி 100, 2018 கஜா புயல்ல கொட்டகை சாஞ்சதுலேர்ந்து அப்படியே கெடந்துச்சு, இப்ப முழுசா பிரிச்சு ரெடி பண்றேன். ஸ்விங் ஆர்ம்ல, அதான் பின் சக்கரத்தப் புடிச்சு மேல கீழ ஆடற இரும்புக் கையில, பழைய ரப்பர் புஷ் ரெண்டும் (உள்ள ஒரு இரும்புக் குழாய், வெளிய ஒண்ணு, நடுவுல ரப்பர்) துருவேறி கல்லு மாதிரி உக்காந்திருக்கு. பட்டறையில கேஸ் வச்சு எரிச்சுத் தள்ளிடலாம்ங்கறாங்க, இன்னொருத்தர் ரப்பரே வேணாம் பித்தளையில கடைஞ்சு போட்டுக்கங்கிறாரு. எத செய்யறது? அப்பா தேங்கா மூட்டை ஏத்தி ஓட்டுன வண்டி, நல்லபடியா ஓடணும்ணே.

கும்மோணம் லேத்:
எரிக்காதீங்க தம்பி, ரப்பர் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஆர்ம்ல வெல்டிங் பக்கம் சூடு ஏறினா வளையவும் செய்யும். சின்ன டிரில் பிட்டால ரப்பர சுத்திலும் ஓட்டை போட்டுக்கிட்டே வந்தா உள்குழாய் தானா கழண்டுடும், அப்புறம் மிச்சம் நிக்கிற வெளிக்குழாய ஆக்சா பிளேடு விட்டு நீளவாக்குல அறுங்க, ஆர்ம்ல பிளேடு படறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டு சின்ன உளியால உள்பக்கமா மடக்குனா வந்துடும். பித்தளை பத்தி கேட்டீங்க, எங்க ஊர்ல கடைய ஆளுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா நான் வேணாம்னுதான் சொல்வேன். அதுக்கு ஓயாம கிரீஸ் வேணும், நம்ம வயக்காட்டு சேறு உள்ள போச்சுன்னா கிரீஸோட சேந்து அரைச்சுத் தின்னுடும், அதிர்வும் நேரா உடம்புக்கு வரும்.

பேராவூரணிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, அறுத்தே எடுத்துட்டேன். புது புஷ் ஆர்ம் ஓட்டை வாய்கிட்டயே நிக்குது, சுத்தியால தட்டலாமா?

மன்னார்குடி மெக்கானிக்:
தட்டாதீங்க தம்பி. மொதல்ல ஓட்டைக்குள்ள இருக்கற துருவ எமரி பேப்பர் போட்டு சுத்தம் பண்ணுங்க, புஷ்ஷ ஒரு ராத்திரி ஃபிரீசர்ல வைங்க. நீள போல்ட், தடி வாசர், புஷ்ஷோட வெளிக்குழாய் விளிம்புல மட்டும் உக்கார்ற அளவு சாக்கெட், எதிர்ப்பக்கம் அதவிட அகலமா ஒரு பைப் துண்டு, நட்ட முறுக்க முறுக்க நேரா உள்ள போயிடும். உள்குழாய அமுக்குனீங்கன்னா ரப்பர் பிச்சுக்கும். ரப்பர்ல கிரீஸ் படவே கூடாது, ஊறி உப்பிடும், ஆர்ம ஃபிரேமோட சேக்கற பிவட் போல்ட்டுக்கு மட்டும் லேசா தடவுங்க, இல்லாட்டி அடுத்த தடவ அதுவும் துருப்புடிச்சு ஒட்டிக்கும்.

இத விட முக்கியம் ஒண்ணு இருக்கு. பிவட் நட்ட சென்டர் ஸ்டாண்டுல சக்கரம் தொங்கும்போது கடைசி டைட் பண்ணாதீங்க. டைட் பண்ணதும் உள்குழாய் ஃபிரேமோட இறுகிடும், வெளிக்குழாய் ஆர்மோட நிக்கும், ஆர்ம் ஏறி எறங்கறப்ப நடுவுல ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். தொங்கறப்ப இறுக்கிட்டா வண்டிய கீழ எறக்குனதுமே ரப்பர் முறுகுன நெலையிலதான் இருக்கும், சீக்கிரமே கிழிஞ்சிடும். ஷாக் அப்சார்பர், சக்கரம் எல்லாம் மாட்டி, ஒரு ஆள மேல உக்கார வச்சு அப்புறமா இறுக்குங்க.

பேராவூரணிக்காரன்:
உள்ள போயிடுச்சுண்ணே, நேரா உக்காந்திருக்கு! நட்ட தம்பிய மேல உக்கார வச்சே இறுக்கினேன். கைல புடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாத்தா ஆட்டமே இல்ல.

கும்மோணம் லேத்:
சந்தோஷம் தம்பி. அப்படியே செயின் தளர்வையும், சக்கரம் ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல இருக்கான்னும் பாத்துட்டு எடுங்க, ஆர்ம கழட்டி மாட்டுனா அது மாறியிருக்கும்.